பெங்களூரில் புரத வடிவமைப்பு போஸ்ட்டாக்: கணினியோடு நின்றுவிடலாமா, லேபிலும் இறங்க வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "திருச்சியில் மாலிக்யூலர் டைனமிக்ஸில் (மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் பார்ப்பது) தீசிஸ் சமர்ப்பித்துவிட்டேன். பெங்களூரில் புரத வடிவமைப்பில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) செய்ய ஆசை. இதுவரை பிப்பெட்டைத் தொட்டதே இல்லை. கணினிப் பக்கமே இருந்துவிடலாமா, லேப் வேலையும் கற்க வேண்டுமா? எப்படிப்பட்ட குழுவைத் தேடுவது, என்ன ப்ராஜெக்ட் எடுப்பது, சம்பளம் எங்கிருந்து வரும்? வீட்டில் 'எப்போது வேலை' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் அக்கா."

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். லேப் வேலை கற்றுக்கொள்ளுங்கள். முழுநேர லேப் ஆளாக மாறத் தேவையில்லை. ஆனால் நீங்கள் கணினியில் வடிவமைத்த ஒரு புரதத்தையாவது, அதன் ஜீன் வந்து சேரும் நாளிலிருந்து அது தன் இலக்கோடு (அது பிடிக்க வேண்டிய வேறொரு மூலக்கூறோடு) ஒட்டுகிறதா என்று அளக்கும் நாள்வரை, உங்கள் கையாலேயே கொண்டுபோயிருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். இந்தத் துறையில் எது கடினம், எது சுலபம் என்பதே இப்போது இடம் மாறிவிட்டது.

2003-ல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் குழு டாப்7 என்ற புரதத்தை வெளியிட்டது. 93 அமினோ அமிலங்கள், இயற்கையில் அதுவரை யாரும் பார்த்திராத மடிப்பு. அன்றைக்கு அது பெரிய சாதனை, ஏனென்றால் கணினியில் வடிவமைப்பதே கடினம். ரோசெட்டா மென்பொருளைப் பழகவே ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒரு இலக்கோடு ஒட்டும் சின்ன புரதம் ஒன்று கிடைக்க, பல்லாயிரம் டிசைன்களை ஈஸ்ட் செல்களின் மேல் காட்டிச் சலித்தெடுத்த காலமும் இருந்தது. 2020-ல், அமினோ அமில வரிசையிலிருந்து புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு 2, அதற்கென்றே நடக்கும் காஸ்ப் போட்டியில் எல்லோரையும் திகைக்க வைத்தது. பிறகு வடிவமைக்கும் மென்பொருள்கள் வரிசையாக வந்தன: 2022-ல் புரோட்டீன்எம்பிஎன்என், 2023-ல் ஆர்எஃப்டிஃப்யூஷன், அதன் பின்னால் சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து பைண்ட்கிராஃப்ட். 2024-ல் வேதியியல் நோபலின் பாதி பேக்கருக்கும், மறுபாதி ஆல்ஃபாஃபோல்டின் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனது. இன்று பல இலக்குகளுக்கு நூற்றுக்கும் குறைவான டிசைன்களைச் சோதித்தாலே ஒட்டுகிற ஒன்றிரண்டு கிடைத்துவிடுகிறது.

இதனால் என்ன ஆனது? கருவியை ஓட்டத் தெரிவது தனித் தகுதியாக இல்லாமல் போய்விட்டது. கொஞ்சம் பைத்தான் தெரிந்த எம்.எஸ்சி. மாணவர் ஒரு வார இறுதியில் ஓட்டிவிடுகிறார். மீதி இருப்பவை இரண்டு: எந்தப் பிரச்சினையை எடுப்பது என்று தெரிவது, வந்த விடை உண்மைதானா என்று அளந்து பார்ப்பது. இரண்டுமே லேபைத் தொடாமல் வராது.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். பைண்டர் (இலக்கோடு ஒட்டும் புரதம்) வடிவமைப்பின் வழக்கமான பாதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இலக்குப் புரதத்தின் மேல் ஒட்ட வேண்டிய இடத்தைக் குறிக்கிறோம். ஆர்எஃப்டிஃப்யூஷன் அந்த இடத்துக்கு ஏற்ற முதுகெலும்பை (புரதச் சங்கிலியின் அடிப்படை வடிவத்தை) உருவாக்குகிறது. அந்த முதுகெலும்புக்கு எந்த அமினோ அமில வரிசை பொருந்தும் என்று புரோட்டீன்எம்பிஎன்என் சொல்கிறது. அந்த வரிசையை மறுபடி ஆல்ஃபாஃபோல்டில் போட்டு, நாம் நினைத்த வடிவத்துக்கே திரும்பி வருகிறதா, இலக்கோடு சேர்ந்து நிற்கிறதா என்று பார்த்து வடிகட்டுகிறோம். பிஎல்டிடிடி, பிஏஇ, ஐபிடிஎம் என்று சில மதிப்பெண்கள் வரும். நல்ல மதிப்பெண் வாங்கியவற்றின் ஜீனை வாங்குகிறோம்.

நிறைய பேர் தடுமாறுவது இங்கேதான். அந்த மதிப்பெண்கள் சொல்வது, மாடல் தன் கணிப்பின் மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறது என்பதை மட்டும். ஒட்டும் வலிமையை அவை சொல்வதில்லை. மோசமான டிசைன்களைக் கழித்துக்கட்ட அவை நன்றாக உதவும். ஆனால் தேறிய நூற்றில் எது நானோமோலார் அளவில் வலுவாக ஒட்டும், எது மைக்ரோமோலாரில் பலவீனமாகத் தொங்கிக்கொண்டிருக்கும் என்று வரிசைப்படுத்த அவற்றை நம்ப முடியாது. மாலிக்யூலர் டைனமிக்ஸ்காரரான உங்களுக்கு இது உடனே புரியும், ஏனென்றால் அசையாத ஒரே ஒரு படம் எவ்வளவு விஷயத்தை மறைக்கும் என்று தெரிந்து வருகிறீர்கள். இலக்கின் லூப் (வளைந்து நீளும் தளர்ந்த பகுதி) ஒன்று கரைசலில் துடித்துக்கொண்டே இருந்தால், அதன் ஒற்றை நிலைக்கு வெட்டித் தைத்த பைண்டர் ஏமாந்து போகும். இந்த அறிவை விட்டுவிடாதீர்கள். வடிகட்டிய பிறகு கடைசி ஐம்பதை சிமுலேஷனில் ஓட்டிப் பார்த்து, இடைமுகம் (இரண்டும் ஒட்டும் பரப்பு) கலைகிறவற்றைத் தள்ளிவைக்கும் வேலையை உங்களைப் போன்றவர்கள்தான் நிதானமாகச் செய்ய முடியும்.

சரி, லேபில் என்ன நடக்கிறது? ஜீன் ஒரு 96 குழித் தட்டில் உலர்ந்த நிலையில் வரும். அதை பிஎல்21 ரக ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றி, 37 டிகிரியில் வளர்த்து, கலங்கல் அளவு 0.6 பக்கம் வந்ததும் புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி சேர்த்து, வெப்பத்தை 18 டிகிரிக்கு இறக்கி இரவு முழுக்க விடுவோம். காலையில் செல்களை உடைத்து, சுழற்றி, தெளிந்த நீரை நிக்கல் ரெசின் வழியாக விடுவோம். வாலில் ஆறு ஹிஸ்டிடின் இருக்கும் புரதம் ரெசினைப் பிடித்துக்கொள்ளும். இமிடசோல் ஊற்றினால் கழன்று வரும். ஜெல்லில் ஓட்டினால் சரியான உயரத்தில் ஒரு பட்டை தெரிய வேண்டும். இவ்வளவையும் முதல்முறை செய்யும்போது உங்கள் டிசைனை வைத்துச் செய்யாதீர்கள். ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதத்தை வைத்துச் செய்யுங்கள். அது பச்சை நிறத்தில் கண்ணுக்கே தெரியும். ரெசினில் எங்கே ஒட்டுகிறது, எவ்வளவு இமிடசோலில் கிளம்புகிறது, எங்கே வீணாய்ப் போகிறது என்பதையெல்லாம் ஜெல் ஓட்டாமலே பார்த்துவிடலாம். புதிதாக வருபவர்களுக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது.

அடுத்தது, புரதம் தனித்தனியாக நிற்கிறதா, திரண்டு கிடக்கிறதா என்று பார்க்கும் கட்டம். அளவுவாரியாகப் பிரிக்கும் சூப்பர்டெக்ஸ் 75 குழாய் வழியாக விடும்போது பெரியவை முதலில் வெளியேறும், சின்னவை பின்னால் வரும். வழக்கமான 24 மில்லிலிட்டர் குழாயில், 8 மில்லிலிட்டர் பக்கத்தில் பீக் வந்தால் உங்கள் அழகான டிசைன் கட்டியாகத் திரண்டுவிட்டது என்று பொருள். பன்னிரண்டு கிலோடால்டன் புரதம் தனியாக நின்றால் 13-ஐ ஒட்டி வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வந்தால் இரட்டையாகச் சேர்ந்திருக்கலாம். கணினியில் 0.9 வாங்கிய டிசைன் 8-ல் வந்து நிற்பதையும், சுமாரான ஒன்று 13-ல் ஊசி போல நிற்பதையும் ஒரே மதியத்தில் பார்க்க நேரும். அதைப் பார்த்த பிறகு நீங்கள் கணினிக்குத் திரும்பும்போது கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும். மேற்பரப்பில் எண்ணெய்த்தன்மை எவ்வளவு, மின்னூட்டம் எவ்வளவு, இரண்டு மூலக்கூறுகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொள்ள வழி இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்குவீர்கள்.

கடைசியில் ஒட்டுதலை அளப்பது. பிஎல்ஐ கருவியில் ஒரு ஒளியிழை நுனியில் ஒரு புரதத்தைப் பொருத்தி, மற்றது இருக்கும் கரைசலில் முக்கினால், ஒட்டுவதும் பிரிவதும் வளைகோடாகத் திரையில் வரும். வளைகோடு ஏறியதும் கொண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பொறுங்கள். வடிவமைப்பு மென்பொருள்கள் தரும் ஹீலிக்ஸ் (சுருள்) கட்டுப் புரதங்கள் பலவற்றில் குளுட்டமேட் நிறைய இருக்கும், மேற்பரப்பு எதிர் மின்னூட்டத்தோடு இருக்கும். இலக்கு நேர் மின்னூட்டம் மிகுந்ததாக இருந்தால் இரண்டும் சும்மாவே ஒட்டும், உங்கள் டிசைனுக்கு அதில் எந்தப் பங்கும் இருக்காது. அதனால் மூன்று சோதனைகள் கட்டாயம் வேண்டும். உப்பைக் கூட்டிப் பாருங்கள். இடைமுகத்தின் நடுவில் இருக்கும் ஒரு முக்கிய அமினோ அமிலத்தை மாற்றிப் பாருங்கள், ஒட்டுதல் விழ வேண்டும். அதே இடத்தில் ஒட்டும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் போட்டியாக விட்டுப் பாருங்கள், உங்களுடையது விலக வேண்டும். இந்த மூன்றையும் தானாகவே செய்துவிட்டுக் குழுக் கூட்டத்துக்கு வரும் போஸ்ட்டாக்கை எந்தப் பேராசிரியரும் விடமாட்டார்.

இன்னொன்று. புதிதாக வடிவமைத்த புரதம் 95 டிகிரி வரை சூடாக்கியும் குலையவில்லை என்று, மடிப்பை ஒளியால் பார்க்கும் சிடி அளவீட்டைக் காட்டுவார்கள். 222 நானோமீட்டரில் கோடு அசையாமல் இருக்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இப்போது அது பெரும்பாலான டிசைன்களுக்குச் சாதாரணம். அதை மட்டும் வைத்து ஒரு ஆய்வுத்தாளை எழுதிவிட முடியாது.

இனி ப்ராஜெக்ட். நீண்ட பதிலில் இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க நினைத்தேன், ஏனென்றால் சியாட்டிலிலோ லோசானிலோ செய்வதையே இங்கே சின்ன அளவில் செய்தால் நாம் எப்போதும் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்போம். இங்கே செய்வதற்கென்றே ஒரு காரணம் இருக்கும் பிரச்சினையை எடுங்கள். என் மனதில் முதலில் வருவது பாம்புக்கடி.

இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்பது 2000 முதல் 2019 வரையிலான மரணங்களை ஆராய்ந்து வந்த கணக்கு. இறப்பவர்களில் பெரும்பாலோர் வயலில் வேலை செய்யும் கிராமத்து மக்கள். இருக்கும் மருந்து, குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆன்டிவெனம். அதற்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் ஒரே இனப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டு நாகத்தின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து வேறு மாநிலத்து நாகத்துக்கு அதே அளவு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்துவரும் கார்த்திக் சுனகரின் ஆய்வகம் பெங்களூர் ஐஐஎஸ்சியிலேயே (இந்திய அறிவியல் கழகம்) இருக்கிறது.

2025 ஜனவரியில் பேக்கர் குழுவும் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நாகம், கட்டுவிரியன் குடும்பத்துப் பாம்புகளின் விஷத்தில் இருக்கும் மூவிரல் நச்சுகளை (மூன்று விரல் நீட்டியது போன்ற வடிவமுள்ளவை) பிடித்துக்கொள்ளும் சின்ன புரதங்களை ஆர்எஃப்டிஃப்யூஷனில் வடிவமைத்து, எலிகளைச் சாவிலிருந்து காப்பாற்றிக் காட்டினார்கள். இந்த நச்சுகள் அறுபது எழுபது அமினோ அமிலம் மட்டுமே உள்ளவை. நான்கைந்து டைசல்ஃபைடு (கந்தக) பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்டவை. நரம்பு நச்சுகளாக வேலை செய்பவை, தசையில் நரம்பின் கட்டளையை வாங்கும் அசிட்டைல்கோலின் ஏற்பியில் போய் உட்கார்ந்து மூச்சை நிறுத்திவிடும். இவ்வளவு சின்ன நச்சுக்குக் குதிரை உடலில் நல்ல எதிர்ப்பொருள் எழுவது கஷ்டம் என்பதால், ஆன்டிவெனத்தின் பலவீனமான இடமே இதுதான். கணினி வடிவமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கு கிடைப்பது அரிது.

இப்போது நம் ஊர்க் கேள்வி என்ன? அந்த பைண்டர்கள் இந்திய நாகத்தின் பல வட்டார நச்சு வகைகளையும் பிடிக்குமா? பிடிக்காவிட்டால், எல்லா வகையிலும் மாறாமல் இருக்கும் பகுதியை மட்டும் குறிவைத்து ஒரு பைண்டரை வடிவமைக்க முடியுமா? ஏற்பியைத் தொடும் இரண்டாவது விரலின் நுனியில் மாறாத பகுதி அதிகமாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நச்சே வேலை செய்யாது. வரிசைகளை ஒப்பிடுவது, மாறாத இடங்களைக் குறிப்பது, பல இலக்குகளுக்கு ஒரே நேரத்தில் பொருந்தும் டிசைனைத் தேடுவது, விரல்கள் அசைவதை சிமுலேஷனில் பார்ப்பது என்று முதல் ஆறு மாதத்துக்கு உங்கள் பலத்திலேயே நிற்கலாம். அதற்குள் லேபில் கை பழகிவிடும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் அதிக உயிர்களை எடுப்பது கண்ணாடிவிரியன். அதன் விஷத்தில் முக்கியமானவை என்சைம்கள், மூவிரல் நச்சுக்குச் செய்த பைண்டர் அங்கே ஒன்றும் செய்யாது. பத்து கிலோடால்டன் புரதம் சிறுநீரகம் வழியாகச் சீக்கிரம் வெளியேறிவிடும். அந்நியப் புரதம் என்று உடல் எதிர்க்கலாம். இரண்டு வருட போஸ்ட்டாக்கில் மருந்து வந்துவிடாது. ஆனால் மருந்தாக ஆக வேண்டிய பாதையில் யாரும் செய்யாத ஒரு அளவீடு வரும், அது ஒரு நல்ல ஆய்வுத்தாளுக்குத் தாராளமாகப் போதும்.

நடைமுறையில் தெரிந்திருக்க வேண்டியவை சில. விஷத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அதனால் ஏற்கெனவே அனுமதி வைத்திருக்கும் குழுவோடு கைகோத்துக்கொள்வதுதான் வழி. நச்சை ஈ. கோலையில் தயாரிக்க முயன்றால் டைசல்ஃபைடுகள் தாறுமாறாகக் கோத்துக்கொள்ளும், ஷஃபிள் மாதிரியான சிறப்பு ஈ. கோலை ரகங்கள் தேவைப்படும். மரபணு வேலை எதுவானாலும் நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழு ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். எலிச் சோதனைக்குத் தனி நெறிமுறை ஒப்புதல். இவற்றுக்கெல்லாம் வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே விண்ணப்பம் எழுதத் தொடங்குங்கள்.

இதோடு ஒரு பத்திரமான ப்ராஜெக்டும் பக்கத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு என்சைமை எடுத்து, வினை நடக்கும் இடத்தையும் அதைச் சுற்றியுள்ளவற்றையும் தொடாமல் வைத்து, மீதி வரிசையை புரோட்டீன்எம்பிஎன்என்-ஐக் கொண்டு மாற்றினால் வெப்பத்தைத் தாங்கும் வடிவங்கள் ஓரளவு நிச்சயமாகக் கிடைக்கின்றன. நம் நாட்டில் குளிர்ச் சங்கிலி அறுந்து போகும் இடங்கள் ஏராளம் என்பதால் வெப்பம் தாங்குவது இங்கே வெறும் அலங்காரம் அல்ல. ஐஐஎஸ்சியில் ராகவன் வரதராஜன் குழு வடிவமைத்த கோவிட் தடுப்பூசி மாதிரி 37 டிகிரியில் ஒரு மாதம் தாங்கியது நினைவிருக்கலாம். புத்தம் புதிய என்சைமை ஒன்றுமில்லாமையிலிருந்து உருவாக்குகிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். ஒட்டுவதை வடிவமைப்பது வேறு, வினையை ஊக்குவிப்பது வேறு. இரண்டாவதில் பத்தில் ஒரு ஆங்ஸ்ட்ராம் விலகல்கூடக் காரியத்தைக் கெடுக்கும். முதல் போஸ்ட்டாக்குக்கு அது பெரிய பந்தயம்.

குழுவைத் தேடுவதற்கு வருவோம். பெங்களூரில் யஷ்வந்த்பூர் பக்கம் ஐஐஎஸ்சி, பெல்லாரி சாலையில் ஜிகேவிகே வளாகத்துக்குள் என்சிபிஎஸ், இன்ஸ்டெம் என்ற உயிரியல் ஆய்வு நிறுவனங்கள், ஸ்டார்ட்டப்களுக்கும் இடம் தரும் சி-கேம்ப் மூன்றும் அடுத்தடுத்து, ஜக்கூரில் ஜேஎன்சிஏஎஸ்ஆர் (ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையம்). என்சிபிஎஸ் வளாகத்தில் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி வசதி இருக்கிறது. ஐஐஎஸ்சியின் பரம் பிரவேகா சூப்பர் கணினி 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் திறன் கொண்டது. கருவிகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்க்காரர்களுக்கு இந்த ஊரின் புரத ஆராய்ச்சி அந்நியமும் அல்ல. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனோடு சேர்ந்து ராமச்சந்திரன் வரைபடத்தைத் தந்த ஜி.என். ராமச்சந்திரன், பிறகு ஐஐஎஸ்சிக்கு வந்து மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். இன்றும் எந்தப் புது மாடல் துப்பிய முதுகெலும்பானாலும், அதன் கோணங்கள் நியாயமானவையா என்று அந்த வரைபடத்தில்தான் வைத்துப் பார்க்கிறோம்.

நிறுவனத்தின் பெயரைவிடக் குழுவின் உள்ளமைப்பு முக்கியம். நேர்காணலின்போது பேராசிரியரிடம் கேட்பதைவிட, அங்கே இருக்கும் மாணவர்களிடம் தனியாக ஒரு காபி குடித்துக்கொண்டே கேளுங்கள். கடைசியாக ஆர்டர் செய்த ஜீன்கள் வந்து சேர எவ்வளவு நாள் ஆனது? பிஎல்ஐயோ ஒட்டுதலை அளக்கும் இன்னொரு கருவியான எஸ்பிஆரோ இதே கட்டடத்தில் இருக்கிறதா, ஸ்லாட் கிடைக்க எவ்வளவு காத்திருக்க வேண்டும்? கணினி ஆள் வடிவமைத்து லேப் ஆள் சோதிக்கும்போது ஆய்வுத்தாளில் முதல் பெயர் யாருக்கு, அதை எப்போது பேசி முடிவு செய்கிறார்கள்? ஒட்டாத டிசைன்களின் தரவை யார் சேமித்து வைக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வந்தால் அது நல்ல குழு. தோற்ற டிசைன்கள் இல்லாமல் அடுத்த சுற்றை மேம்படுத்த முடியாது. ஜிபியு இல்லாத குழுவுக்குப் போகலாம், கணினி நேரத்தை வெளியில் வாங்கிவிடலாம். அளவீட்டு வசதி இல்லாத குழுவுக்கு மட்டும் போகாதீர்கள்.

ஜீன் வாங்குவது பற்றி நேரமிருக்கும்போதே யோசியுங்கள். நிதி வந்திருந்தாலும் கொள்முதல் விதிகள், ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளம், கொட்டேஷன்கள் என்று மாதங்கள் ஓடிவிடும். 2025 ஜூனில் அறிவியல் நிறுவனங்களுக்குச் சில தளர்வுகள் வந்தன. ஜெம்முக்கு வெளியே வாங்க இயக்குநர்களே அனுமதிக்கலாம், நேரடிக் கொள்முதல் வரம்பும் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது. பெரிய உதவிதான். இருந்தாலும் முதல் சுற்று ஜீன்களை, வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதத்துக்குள் ஆர்டர் செய்துவிடுங்கள். டிசைன்களை அறுபது சொச்சம் அமினோ அமிலத்துக்குள் அடக்கினால், தனித்தனி ஜீனாக வாங்காமல் ஒலிகோ (குட்டை டிஎன்ஏ இழை) தொகுப்பாகவே வாங்கலாம், ஒரு டிசைனுக்கான செலவு மிகவும் இறங்கிவிடும்.

மென்பொருள் உரிமத்தையும் கவனியுங்கள். ஆல்ஃபாஃபோல்டு 3-ன் எடைகள் (அதை ஓட்டத் தேவையான பயிற்சி பெற்ற எண்கள்) வணிகம் சாராத ஆய்வுக்கு மட்டும், அதுவும் விண்ணப்பித்துத்தான் கிடைக்கும். ரோசெட்டாவின் பைத்தான் வடிவமான பைரோசெட்டாவுக்கு வணிக நிறுவனங்கள் காசு கட்ட வேண்டும். அதே மாதிரிக் கணிப்பு மென்பொருளான போல்ட்ஸ், வணிகத்துக்கும் பயன்படுத்தக்கூடிய எம்ஐடி உரிமத்தில் வருகிறது. குழு நாளைக்கு ஒரு ஸ்டார்ட்டப் தொடங்கும் எண்ணத்தில் இருந்தால் இது தலைவலியாகும்.

அப்புறம் பணம். ப்ராஜெக்டில் ரிசர்ச் அசோசியேட்டாகச் சேர்ந்தால் 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விகிதப்படி மாதம் 58,000, 61,000, 67,000 என்று மூன்று படிகள், கூடவே வீட்டு வாடகைப் படி. சொந்தமாக ஃபெலோஷிப் வாங்கினால் சுதந்திரம் அதிகம். முன்பு மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான செர்ப் நடத்திய தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப் இப்போது அதன் இடத்தில் வந்த ஏஎன்ஆர்எஃப்-இன் கீழ் வருகிறது, இரண்டு ஆண்டு. தீசிஸ் சமர்ப்பித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு உண்டு, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் (டிபிடி) ரிசர்ச் அசோசியேட்ஷிப், இந்தியா அலையன்ஸின் இளம் ஆய்வாளர் ஃபெலோஷிப் இரண்டையும் பாருங்கள். அறிவிப்பு வரும் மாதங்கள் மாறும், ஆகவே ஒன்றை மட்டும் நம்பிக் காத்திருக்காமல் ப்ராஜெக்ட் பதவியில் சேர்ந்துகொண்டே விண்ணப்பிப்பதுதான் நல்லது.

இந்தச் சம்பளத்தில் பெங்களூரில் இருக்க முடியுமா என்றால், முடியும். மத்திகெரேயில் ஒரு அறையைப் பகிர்ந்துகொண்டால் ஐஐஎஸ்சிக்கு நடந்தே போகலாம். வீட்டு அட்வான்ஸுக்கு மட்டும் ஊரிலிருந்தே ஒரு தொகை எடுத்து வாருங்கள். என்சிபிஎஸ் என்றால் ஹெப்பாளுக்கு வடக்கே வீடு பாருங்கள், அந்த மேம்பாலத்தைத் தினமும் இரண்டு முறை கடக்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்டோர்ஸ், ஆட்டோகிளேவ் அறை, கணக்குப் பிரிவு என்று லேபை உண்மையில் ஓட்டுகிறவர்களோடு அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசுவது மரியாதை.

வீட்டில் கேட்பதற்கு என்ன சொல்வது? மறைக்காமல் கணக்கைச் சொல்லுங்கள். ஆசிரியர் பதவிகளில் வயது பார்க்கிறார்கள், முப்பத்தைந்தைச் சுற்றிக் கதவு குறுகும். அதனால் இந்த போஸ்ட்டாக் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று வருடம். அதற்குள் வடிவமைப்பிலிருந்து அளவீடு வரை இரண்டு சுற்று முடித்திருந்தால், ஆசிரியர் பதவி அமையாவிட்டாலும் பெங்களூரிலேயே மருந்து, என்சைம் நிறுவனங்களில் இடம் இருக்கிறது. சி-கேம்ப் மாதிரி இடங்களில் தொடங்கும் நிறுவனங்களுக்கு மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் பிக் திட்டம் பதினெட்டு மாதத்துக்கு 50 லட்சம் வரை தருகிறது. கணினி வேலை மட்டும் தெரிந்தவர்களும் நிறைய, லேப் வேலை மட்டும் தெரிந்தவர்களும் நிறைய. இரண்டு பக்கத்தையும் பேசத் தெரிந்தவர்களைத்தான் இன்று தேடுகிறார்கள்.

இனி உடனே செய்ய வேண்டியது. நாகத்தின் மூவிரல் நச்சுகளில் ஒன்றான ஆல்ஃபா கோப்ராடாக்ஸினின் அமைப்பு புரதத் தரவு வங்கியில் கிடைக்கிறது. அதை எடுத்து, இந்திய நாகத்தின் நச்சு வரிசைகளை அதன் மேல் பொருத்தி, மாறாத இடங்களைக் குறித்து, கூகுளின் கோலாபில் பைண்ட்கிராஃப்டை ஓட்டிப் பாருங்கள். தேறியவற்றில் பத்தை சிமுலேஷனில் வையுங்கள். எது நிலைத்தது, எது கலைந்தது, ஏன் என்று நினைக்கிறீர்கள், லேபில் எதை முதலில் சோதிப்பீர்கள், எந்த மாற்றம் செய்தால் ஒட்டுதல் விழும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை ஒரே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பேராசிரியருக்கு அனுப்பும் மெயிலில் "உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்ற வரிக்குப் பதில் அந்தப் பக்கத்தை இணையுங்கள். பயோடேட்டா இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். லேப் அனுபவம் இல்லை என்பதை ஒரு வரியில் வெளிப்படையாகச் சொல்லி, சேருவதற்கு முன் ஒரு மாதம் வந்து கற்றுக்கொள்ளத் தயார் என்று எழுதுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த குழுவுக்கு அனுப்புங்கள். அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும் எனக்கும் அனுப்புங்கள் தம்பி, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.